ரெட் கிளவுட்: வில்லா கேதரின் ஊருக்கு ஒரு வார இறுதி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கான்சாஸ் எல்லையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் ரெட் கிளவுட். நாவலாசிரியர் வில்லா கேதர் வளர்ந்த ஊர். ஒமாகா, லிங்கன், டென்வர், கான்சாஸ் சிட்டி பக்கம் இருக்கும் வாசகர்களும், பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் பெற்றோரும் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டது கேட்டபடியே கீழே இருக்கிறது. திறந்திருக்கும் நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் அவற்றை இங்கே தரவில்லை. கிளம்பும் வாரம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. யாருங்க இந்த வில்லா கேதர்? ஊரைத் தேடிப் போய்ப் பார்க்கிற அளவுக்கு என்ன எழுதிட்டாங்க?

1873-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1883-ல், அவருக்கு ஒன்பது வயதில், குடும்பம் நெப்ராஸ்காவின் வெட்ட வெளிக்குக் குடிபெயர்ந்தது. முதல் ஒன்றரை ஆண்டு பண்ணையில் தாத்தா பாட்டியோடு. பிறகு ரெட் கிளவுட் ஊருக்குள். 1890-ல் படிக்க லிங்கனுக்குப் போனவர், அதன்பின் விருந்தாளியாகத்தான் வந்து போனார். ஊரில் வாழ்ந்த காலம் அவ்வளவுதான். ஆனால் அதை வைத்து வாழ்நாள் முழுக்க எழுதினார். 1923-ல் புலிட்சர் பரிசு பெற்றார். 2023-ல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் நெப்ராஸ்காவின் சார்பில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

ஊரைத் தேடிப் போவதற்குக் காரணம் பரிசோ சிலையோ அல்ல. பிளாக் ஹாக், மூன்ஸ்டோன், ஹானோவர், ஸ்வீட் வாட்டர் என்று நாவலுக்கு நாவல் ஊர்ப்பெயரை மாற்றினாரே தவிர, தெருவையும் ரயிலடியையும் வங்கியையும் வீட்டு மாடியையும் மாற்றவில்லை. அவற்றில் பலவும் இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் என்பதால் இடித்துக் கட்ட ஆளில்லாமல் போனதும் ஒரு காரணம்.

2. ஒண்ணுமே படிச்சதில்லை. போறதுக்கு முன்னாடி எதைப் படிக்கலாம்?

ஒரே ஒரு புத்தகம் என்றால் 1918-ல் வந்த 'மை ஆன்டோனியா'. பார்க்கப்போகும் இடங்களில் பெரும்பகுதி அதில் வந்துவிடும். நாவலுக்கு நேரமில்லை, ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் 1932-ல் வந்த 'அப்ஸ்க்யூர் டெஸ்டினீஸ்' தொகுப்பை எடுங்கள். மூன்றே கதைகள். 'நெய்பர் ரோசிக்கி' பண்ணைப் பக்கத்துக்கு, 'ஓல்ட் மிசஸ் ஹாரிஸ்' அவர் வளர்ந்த வீட்டுக்கு. இந்த இரண்டு போதும்.

எதையும் படிக்காமல் போனால் என்ன ஆகும்? மரவீடு, பழைய வங்கி, பழைய தேவாலயம், புல் என்று இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கிளம்புவீர்கள். படிக்காதவர்களைக் கூட்டிப் போகிறீர்களா? காரில் ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிடுங்கள். ஒமாகாவிலிருந்து வரும் நேரத்தில் நாவலின் முதல் பகுதியில் கணிசமாகக் கேட்டுவிடலாம்.

3. எப்படிப் போறது? பக்கத்துல ஏர்போர்ட் இருக்கா?

ஊர் இருப்பது யு.எஸ். 281, யு.எஸ். 136 நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில். ஐ-80 விரைவுச்சாலையில் வந்தால் கிராண்ட் ஐலண்ட் பக்கம் இறங்கி 281-ல் நேர் தெற்கே விட வேண்டியதுதான். இடையில் ஹேஸ்டிங்ஸ் வரும். அங்கிருந்து ரெட் கிளவுட் ஏறத்தாழ 40 மைல். லிங்கனிலிருந்து இரண்டரை மணி நேரம், ஒமாகாவிலிருந்து மூன்றேகால், கான்சாஸ் சிட்டியிலிருந்து நாலரை, டென்வரிலிருந்து ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருபவர்கள் ஒமாகாவில் இறங்கி வாடகைக் கார் எடுப்பதே வழக்கம். கிராண்ட் ஐலண்டில் சின்ன விமான நிலையம் உண்டு, ஆனால் விமானங்கள் குறைவு.

ஹேஸ்டிங்ஸில் பெட்ரோல் நிரப்பி, வேண்டியதை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதுதான் வழியில் கடைசிப் பெரிய ஊர். இருட்டியபின் 281-ல் வேகத்தைக் குறையுங்கள். அந்தி வேளையில் மான்கள் சாலையைக் கடக்கும். அக்டோபர், நவம்பரில் இது ரொம்ப அதிகம். ஒன்று கடந்து போனால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

4. கார் இல்லாம போக முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ட்ராக் ரயில் ஹேஸ்டிங்ஸ் வரை வரும், அதுவும் நள்ளிரவு தாண்டி. அங்கிருந்து ரெட் கிளவுட்டுக்கு நம்பிப் போகப் பேருந்து கிடையாது. கேதர் காலத்தில் ரயிலேறி நேராக இந்த ஊரிலேயே இறங்கினார்கள். இப்போது அந்த ரயிலடி பார்வைக்கான கட்டடம்.

5. எந்த மாசம் நல்லா இருக்கும்?

எங்கள் ஓட்டு செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதிக்கு. வெயில் தணிந்திருக்கும், புல் சிவந்திருக்கும். நாவலில் புல்லின் நிறத்தை ஒயின் கறையோடு ஒப்பிடும் இடம் எதைச் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். அடுத்த இடம் மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை. காட்டுப்பூக்கள் இருக்கும், சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும், சுற்றிப் பார்க்க நேரம் தாராளம். ஜூன் தொடக்கத்தில் கேதர் மாநாடு நடப்பது வழக்கம். பேச்சுகள் கேட்க ஆசையிருந்தால் அதையே குறிவையுங்கள், அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி சர்வசாதாரணம், நிழல் அரிது. ஜனவரி, பிப்ரவரியில் பனியைவிடக் காற்றுதான் கொல்லும். வீடுகளைப் பார்க்கலாம், வெளியே பத்து நிமிடம் நிற்க முடியாது.

6. ஒரே நாள்ல முடிச்சிட்டுத் திரும்ப முடியாதா?

ஊரை முடிக்கலாம், நிலத்தை முடிக்க முடியாது. இந்தப் பயணத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான். நேரம் முழுவதையும் கட்டடங்களுக்குக் கொடுத்துவிட்டுப் புல்வெளியைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திரும்புகிறார்கள். கேதரின் எழுத்தில் நிலம் ஒரு பாத்திரம். பாதி நேரம் அதற்கு வேண்டும்.

நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு இது. வெள்ளி இரவு ஹேஸ்டிங்ஸ் அல்லது ரெட் கிளவுட் வந்து தங்குங்கள். சனிக்கிழமை காலை முதல் வேலையாக வெப்ஸ்டர் தெருவில் இருக்கும் தேசிய வில்லா கேதர் மையத்துக்குப் போய்க் காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, வழிகாட்டியோடு ஊர்ச் சுற்று. மதியம் ஓய்வு. நான்கு மணிக்கு மேல் புல்வெளிக்குப் போய்ச் சூரியன் மறையும்வரை அங்கேயே. ஞாயிறு காலை வடக்கே 'டிவைட்' மேட்டுநிலத்தையும் பண்ணைகளையும் காரில் சுற்றிவிட்டு மதியம் வீடு திரும்பலாம். ஊர்ச் சுற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்காதீர்கள். சின்ன ஊர், ஞாயிறு காலையில் தேவாலயத்தைத் தவிர எது திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஞாயிறு மழை என்று வானிலை சொன்னால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். வெள்ளி மதியமே வந்து, காய்ந்திருக்கும்போதே மண்சாலைகளை முடித்துவிடுங்கள். ஏன் என்பது 13-ல்.

7. தங்குறதுக்கு ஊர்லயே இடம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அறைகள் குறைவு. மோட்டல், பழைய வீடுகளில் விருந்தினர் அறை என்ற அளவில்தான். இரண்டு சமயங்களில் சீக்கிரம் நிரம்பிவிடும்: ஒன்று ஜூன் மாநாடு. மற்றது அக்டோபர் கடைசியில் தொடங்கும் ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம். இந்த இரண்டாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, வந்து நின்று ஏமாறுகிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் ஹேஸ்டிங்ஸில் வழக்கமான சங்கிலி ஓட்டல்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஊரிலேயே தங்கினால் ஒரு ஆதாயம்: இரவு ஒன்பதரைக்குப் புல்வெளியிலிருந்து திரும்பும்போது 5 மைலில் படுக்கை.

8. நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

மாட்டு வளர்ப்பு நாடு இது. உணவகத்தில் உங்களுக்கு மிஞ்சுவது சீஸ் பீட்சா, வறுத்த சீஸ் சாண்ட்விச், உருளைக்கிழங்கு, சாலட். சூப் என்றால் காய்கறிச் சூப்பிலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். மெக்சிகன் கடையில் மசித்த பீன்ஸை பன்றிக்கொழுப்பில் தாளிப்பதுண்டு. இரண்டையும் கேட்காமல் வாங்காதீர்கள். 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். 'சாறும் கொழுப்பும்கூட இல்லாமல்' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நெப்ராஸ்காவின் பிரபலமான ரன்சா பன்னுக்குள்ளும் மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும்தான். செக் குடியேறிகள் கொண்டுவந்த கொலாச்சி என்ற பழம் வைத்த இனிப்பு பன் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் மாவில் முட்டை இருக்கும்.

அனுபவப்பட்ட குடும்பங்கள் ஒரு சின்ன எலக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல், தயிர், சப்பாத்தி என்று லிங்கன் அல்லது ஒமாகாவிலேயே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஓட்டலில் அறைக்குள் சமைக்க அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு புல்வெளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு உணவகங்கள் அடைத்திருக்கும். சைவமோ அசைவமோ, இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. டூர் எடுக்கணுமா? நாமளே சுத்திப் பார்த்துக்கலாமே?

வெளியிலிருந்து பார்க்க யாரும் தேவையில்லை. ஊர் அரை மணியில் நடந்து முடிக்கும் அளவுதான். உள்ளே போகத்தான் டூர் வேண்டும். வீடு, வங்கி, தேவாலயங்கள் எல்லாம் பூட்டியே இருக்கும், வழிகாட்டி சாவியோடு வந்து ஒவ்வொன்றாகத் திறப்பார். டூர் சீட்டை மையத்தில் வாங்குங்கள். நான்கு பேருக்கு மேல் போனால் முன்பே சொல்லிவிடுங்கள், அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒரே நேரத்தில் நிறையப் பேர் நிற்க முடியாது.

கட்டடங்களில் நாங்கள் முதலில் சொல்வது 1885-ல் கட்டிய ஆபரா ஹவுஸ். கீழே கடை, மேலே அரங்கம். கூரை உயர்ந்த பெரிய கொட்டகையை எதிர்பார்க்காதீர்கள். ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்கள் ரயிலில் வந்திறங்கி இங்கேதான் ஆடின. 1890-ல் பள்ளி முடித்த மூன்றே பேரில் ஒருவராக கேதர் இந்த மேடையில் நின்று, மூடநம்பிக்கைக்கு எதிராக அறிவியல் ஆராய்ச்சியை ஆதரித்துப் பேசினார். அப்போது அவருக்கு மருத்துவராகும் ஆசை. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு 'வில்லியம் கேதர், எம்.டி.' என்று கையெழுத்துப் போட்டுத் திரிந்த வயது. 1889-ல் எழுந்த வங்கிக் கட்டடத்தைக் கட்டியவர் ஊரை நிறுவியவரும் மாநில ஆளுநராக இருந்தவருமான சைலஸ் கார்பர். இவரையும் இவர் மனைவியையும் வைத்துத்தான் 1923-ல் 'எ லாஸ்ட் லேடி' வந்தது.

10. அவங்க வளர்ந்த வீட்டுல அப்படி என்னதான் இருக்கு?

மூன்றாம் தெருவும் சீடர் தெருவும் சேரும் மூலையில் ஒரு சின்ன மரவீடு. சொந்த வீடல்ல, வாடகை வீடு. 1884 முதல் 1904 வரை அப்பா, அம்மா, பாட்டி, ஏழு பிள்ளைகள், வேலைக்கிருந்த பெண் என்று அத்தனை பேரும் இதற்குள் இருந்தார்கள். கீழ்த்தளத்தில் நின்று தலைகளை எண்ணிப் பாருங்கள், 'ஓல்ட் மிசஸ் ஹாரிஸ்' கதையில் பாட்டிக்கு ஏன் தனியாக ஒரு மூலைகூட இல்லை என்பது விளங்கும்.

மாடி என்பது கூரைக்கடியில் உள்ள பரண். பிள்ளைகள் எல்லாரும் திறந்த பகுதியில் படுக்க, மூத்தவரான கேதருக்கு மட்டும் ஒரு பக்கத்தைத் தடுத்து அறையாக்கிக் கொடுத்தார்கள். நடுவில்தான் நிமிர்ந்து நிற்கலாம், இரு பக்கமும் கூரை சரிந்து இறங்கும். மருந்துக் கடையில் வேலை பார்த்து அதற்கு ஈடாக வாங்கிய சுவர்த்தாளைத் தன் கையாலேயே ஒட்டினார். மஞ்சளான தளத்தில் சிவப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்ன ரோஜாக்கள். 'தி சாங் ஆஃப் தி லார்க்' நாவலின் தியா இதே பூக்கள் போட்ட தாளைத்தான் தன் அறையில் ஒட்டுகிறாள். அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. விரலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், முதுகுப்பையையும் கீழேயே வைத்துவிடுங்கள். சரிந்த சுவரில் பை உரசுவது தெரியாமலே நடந்துவிடும்.

11. அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு எழுபத்தி ரெண்டு வயசு. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. பரணுக்குப் போகும் படி மட்டும் செங்குத்து, குறுகல். ஏற முடியாதவர்கள் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். சீட்டு வாங்கும்போதே சொல்லிவிட்டால் வழிகாட்டி அதற்கேற்ப வரிசையை அமைத்துக்கொள்வார். கட்டடத்துக்குக் கட்டடம் நடக்க முடியாவிட்டால் காரில் போகலாம், எல்லா இடத்திலும் வாசலிலேயே நிறுத்தம் கிடைக்கும். புல்வெளியில் பாதை மேடும் பள்ளமும்தான். மேட்டில் கார் நிறுத்தும் இடத்திலிருந்தே பெரும்பரப்பு தெரியும், மடக்கு நாற்காலி இரண்டு எடுத்துப் போங்கள்.

12. ஆன்டோனியா நிஜமாவே இருந்தவங்களா?

இருந்தார். 'மை ஆன்டோனியா'வின் நாயகிக்கு மூலம் ஆன்னா சாடிலெக், இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்து சிறுமியாக வந்தவர். ஊரில் மைனர் என்ற பெயருடைய குடும்பத்தில் வேலை பார்த்தார். பிறகு ஜான் பவெல்கா என்ற விவசாயியை மணந்து நிறையப் பிள்ளைகள் பெற்று, 1955-ல் இறந்தார். கேதரைவிட எட்டு ஆண்டு கூடவே வாழ்ந்தார். பிளேடன் ஊர்ப் பக்கம் இவர்களுடைய பண்ணை வீடு இருக்கிறது. வெளியே பூமிக்குள் தோண்டிய பழ நிலவறையும் இருக்கிறது. நாவலின் கடைசிப் பகுதியில் பிள்ளைகள் இருட்டிலிருந்து வெயிலுக்குத் திமுதிமுவென்று ஏறி வரும் காட்சி இங்கேதான். நிலவறை வாசலில் நின்று அகலத்தைப் பார்த்தால், அத்தனை பேர் எப்படி அதற்குள் இருந்தார்கள் என்று தோன்றும்.

ஆன்டோனியாவின் அப்பா தற்கொலை செய்துகொள்வதும் நடந்ததுதான். ஃபிரான்சிஸ் சாடிலெக் 1881-ல் இறந்தார். கேதர் குடும்பம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. வந்ததும் காதில் விழுந்த முதல் கதைகளில் ஒன்று அது. தற்கொலை என்பதால் தேவாலயக் கல்லறையில் இடம் கிடைக்காமல் நில மூலையில் புதைத்தார்கள். பிற்காலத்தில் உடலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதால், முதலில் புதைத்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள் வயலை மட்டுமே பார்ப்பார்கள்.

13. பண்ணைப் பக்கம் மண்ரோடுன்னு சொல்றாங்க. சாதாரண கார் போகுமா?

காய்ந்திருந்தால் போகும். இந்தப் பகுதி முழுக்க ஒரு மைலுக்கு ஒரு சாலையாகக் கட்டம் போட்டது. ஒரு கட்டம் 640 ஏக்கர். 1862-ன் குடியேற்றச் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது அதில் கால்வாசி, 160 ஏக்கர். எனவே வழி தவறினாலும் பயமில்லை. ஏதாவது ஒரு திசையில் நேராகப் போனால் ஒரு மைலில் குறுக்குச் சாலை வரும். கைபேசிச் சிக்னல் பள்ளங்களில் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் கடையில் கிராமப்புறச் சுற்றுக்கான வரைபடம் கேட்டு வாங்குங்கள். கைபேசி காட்டும் குறுக்குவழியைவிட அதை நம்பலாம்.

சரளைச் சாலையில் 35 மைல் வேகம் போதும். நடுவே சக்கரம் பதிந்து இறுகிய தடம் இருக்கும், ஓரத்தில் சரளை தளர்வாகக் குவிந்திருக்கும். எல்லாரும் நடுத்தடத்திலேயே ஓட்டுவார்கள். மேடு ஏறும்போது எதிரே வருபவரும் நடுவிலேயே வருவார், உச்சிக்கு முன்பே வலது பக்கம் ஒதுங்கிவிடுங்கள். ஓரச் சரளையில் சக்கரம் இறங்கிவிட்டால் சடாரென்று பிரேக் பிடிக்கவோ ஸ்டியரிங்கை வெட்டவோ கூடாது, வண்டி சுழன்றுவிடும். காலை எடுத்து, வேகம் தானே குறைந்ததும் மெதுவாக மேலே வாருங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதி அடங்கும்வரை பின்தங்கிப் போங்கள்.

'மினிமம் மெயின்டனன்ஸ்' என்று பலகை வைத்த சாலை சரளை போடாத வெறும் மண். மழை பெய்து ஒன்றிரண்டு நாள் வரை அதில் இறங்கவே இறங்காதீர்கள். களிமண் சக்கர இடுக்கில் அப்பி, சக்கரம் வழவழவென்று சுற்றி, வண்டி பள்ளத்தில் சரிந்து நிற்கும். நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை இழுக்க ஆள் கிடைப்பது லேசல்ல. இன்னொன்று: பல வாடகைக் கார் ஒப்பந்தங்கள் தார் போடாத சாலையில் ஆகும் சேதத்தை ஏற்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

14. புல்வெளின்னா வெறும் புல்லுதானே? அதுல என்ன பார்க்க இருக்கு?

ஊருக்குத் தெற்கே 281-ல் 5 மைல் போனால், கான்சாஸ் எல்லைக்குச் சற்று முன், வில்லா கேதர் நினைவுப் புல்வெளி. 600 ஏக்கருக்கு மேல், ஏர் படாத நிலம். வழியில் நீங்கள் பார்க்கும் பச்சையெல்லாம் சோளமும் சோயாவும் மேய்ச்சலும்தான். ஒன்பது வயதுப் பெண் வந்திறங்கியபோது கண்ணுக்கெட்டிய வரை இருந்தது எது என்பதற்கு இந்தத் துண்டுதான் சாட்சி. 1974-ல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கிக் காப்பாற்றியது. 2006 முதல் கேதர் அறக்கட்டளையிடம் இருக்கிறது.

காரிலிருந்து பார்த்தால் வெறும் புல்தான். இறங்கி கால் மணி நேரம் நடந்தபின் குனிந்து பாருங்கள். இடுப்பளவுக்கு மேல் வளரும் பெரிய புளூஸ்டெம் புல்லின் கதிர் மூன்று விரல் விரித்த மாதிரி பிரிந்திருக்கும். முழங்காலளவில் இருப்பது சின்ன புளூஸ்டெம், அக்டோபரில் செம்புநிறமாவது இதுதான். பெரியதன் வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வரை போகும். அதனால்தான் வறட்சியிலும் தீயிலும் சாகாது. இந்த வேர்ப்பின்னலை ஏரால் பாளம் பாளமாகப் பெயர்த்து அடுக்கித்தான் மரமில்லாத இந்த நாட்டில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். வசந்தத்தில் போனால் ஒரு பகுதி கருகிக் கிடக்கலாம். விபத்தல்ல, வேண்டுமென்றே வைத்த தீ. வைக்காவிட்டால் சீடர் மரங்கள் புகுந்து சில பத்தாண்டுகளில் புல்லை மூடிவிடும்.

போகும் நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாக, வெளுத்துத் தெரியும். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேருங்கள். ஒளி சாய்ந்து விழும்போதுதான் நிலத்தின் ஏற்ற இறக்கமும் காற்றில் புல் ஓடுவதும் தெரியும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, திரும்பி வர ஒரு டார்ச். கழிப்பறையை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

15. உண்ணி, பாம்பெல்லாம் இருக்குமா?

உண்ணி இருக்கும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை அதிகம். வெளிர்நிற முழுக்கால்சட்டை போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த தெளிப்பானைக் கணுக்காலிலும் இடுப்பிலும் அடியுங்கள். வெட்டிவிட்ட பாதையின் நடுவே நடங்கள். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருந்தால் முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். அதைவிடத் தொல்லை சிகர் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கோடையில் உயரமான புல்லில் உட்கார்ந்தால் மறுநாள் காலுறை விளிம்பைச் சுற்றித் தாங்க முடியாத அரிப்பு. புல்லில் உட்காராதீர்கள், நாற்காலி இருக்கிறதே.

பாம்பு உண்டு, ஆனால் பாதையிலேயே நடப்பவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

16. திடீர்னு சைரன் அடிச்சா என்ன பண்றது?

மே, ஜூனில் வந்தால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 'வாட்ச்' என்றால் சூறாவளிக்கு வாய்ப்பு, கண் வைத்திருங்கள். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, உடனே கட்டடத்துக்குள். அடித்தளம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறை. அறைக்கு வந்ததுமே அடித்தளம் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கடியில் காரை நிறுத்தி ஒதுங்காதீர்கள், காற்று அங்கே குறுகி இன்னும் வேகமெடுக்கும். புல்வெளியில் இருக்கும்போது இடி காதில் விழுந்தாலே காருக்குத் திரும்ப வேண்டும். சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான்.

17. பசங்களுக்குப் போரடிக்காதா?

ஐந்து வீடு தொடர்ந்து காட்டினால் அடிக்கும். பரண், ஆபரா ஹவுஸ் மேடை, ரயிலடி மூன்றோடு நிறுத்திவிட்டுப் புல்வெளியில் ஓட விடுங்கள். ஹேஸ்டிங்ஸில் ஒரு நல்ல அருங்காட்சியகமும் உண்டு. கூல்-எய்ட் பானம் 1927-ல் அந்த ஊரில்தான் பிறந்தது, அதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள்.

18. ரெட் கிளவுட்ங்கிறது பழங்குடித் தலைவர் பேராச்சே, இது அவர் ஊரா?

இல்லை. ஒக்லாலா லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் வாழ்ந்ததும் 1909-ல் இறந்ததும் வேறு இடங்களில். வெள்ளைக் குடியேறிகள் அவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவே. ரிபப்ளிகன் ஆற்றோரமான இந்த நிலம் பானி என்ற பழங்குடி மக்களுடையது. 1870-களில் அவர்களை ஒக்லஹோமா பக்கம் அனுப்பிவிட்டார்கள். கேதர் குடும்பம் வந்தது அதற்குப் பத்தே ஆண்டுக்குள். ஆனால் நாவல்களில் இந்த மக்களைத் தேடினால் பழைய குதிரைத் தடத்தின் வட்டம் போல ஒரு சில கோடுகள்தான் கிடைக்கும். நிலம் காலியாகக் கிடந்தது என்ற எண்ணத்தோடு திரும்பாமலிருக்க, கான்சாஸ் பக்கம் ரிபப்ளிக் ஊரருகே இருக்கும் பானி அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மண்வீட்டின் தோண்டியெடுத்த தளம் அப்படியே கட்டடத்துக்குள் இருக்கிறது. முக்கால் மணி நேரப் பயணம்.

19. ஊரைக் குறை சொல்லித்தானே எழுதியிருக்காங்க? ஊர்க்காரங்களுக்குக் கோபம் இல்லையா?

இருந்தது. 1904-ல் வந்த 'எ வாக்னர் மாட்டினே' சிறுகதை நெப்ராஸ்காவை மட்டமாகக் காட்டியதாக மாநிலமே முணுமுணுத்தது. தன் வீட்டுக் கதையை நாவலில் பார்ப்பது யாருக்கும் சுகமல்ல. ஆனாலும் பெற்றோர் இருந்தவரை அவர் வந்துபோனார். கடைசி வருகை 1931 கிறிஸ்துமஸ். முப்பதுகளின் பஞ்சத்தில் பண்ணைக் குடும்பங்களுக்குப் பணமும் பொருளும் அனுப்பினார். கிரேஸ் எப்பிஸ்கோப்பல் தேவாலயத்தில் பெற்றோர் நினைவாக அவர் கொடுத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்க்கலாம். 1955-ல் மில்ட்ரெட் பென்னட் முன்னின்று அறக்கட்டளையைத் தொடங்கியிராவிட்டால் இந்தக் கட்டடங்களில் பாதி இருந்திருக்காது. இன்று ஊரின் பிழைப்பில் ஒரு பங்கு கேதரால்தான்.

20. நாவல்ல வர்ற எல்லா வீட்டையும் பார்க்க முடியுமா?

முடியாது. 'எ லாஸ்ட் லேடி'யின் பெரிய வீடு தீயில் போய்விட்டது. தோப்பு இருந்த இடம்தான் மிச்சம். சில வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நடைபாதையில் நின்று படம் எடுக்கலாம், வராண்டாவில் ஏறக் கூடாது. நாட்டுப்புறத்தில் வேலி தாண்டுவதும் அப்படித்தான், வயல் காலியாகத் தெரிந்தாலும் உரிமையாளர் உண்டு. ஃபெசன்ட் பருவத்தில் (7-ல் சொன்னது) அங்கே துப்பாக்கியோடு ஆட்களும் இருப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

21. அவங்க கல்லறை அங்கதானே இருக்கு?

இல்லை. 1947-ல் நியூயார்க்கில் இறந்து, நியூ ஹாம்ப்ஷயரின் ஜாஃப்ரி ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். ரெட் கிளவுட் கல்லறையில் இருப்பது அவர் பெற்றோர். ஆன்னா பவெல்காவின் கல்லறை பிளேடன் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 13-ன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பண்ணையோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

22. திரும்பற வழியில வேற ஏதாவது பார்க்கலாமா?

மார்ச்சில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பிளாட் ஆற்றில் சாண்ட்ஹில் கொக்குகள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை கியர்னிக்கும் கிராண்ட் ஐலண்டுக்கும் இடையே 5 லட்சத்துக்கு மேல் இறங்கும். விடியலுக்கு முன்னும் அந்தியிலும்தான் ஆற்றில் இருக்கும், பகலில் சோள வயல்களில் மேயும். கொக்குகளைப் பார்ப்பதற்கான மறைவிடங்களுக்கு முன்பதிவு வேண்டும், வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

மற்ற மாதங்களில் தெற்கே திரும்பினால் 281-லேயே அரை மணியில் கான்சாஸின் லெபனான். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் நடுப்புள்ளி என்று கல் நட்டிருக்கிறார்கள். பத்து நிமிட வேலை. ரெட் கிளவுட்டுக்குக் கிழக்கே 136-ல் ஒரு பிரம்மாண்டமான வட்டக் களஞ்சியம் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் கட்டியது, குறுக்களவு 130 அடி. லிங்கன் போகிறவர்கள் 281-ஐ விட்டு 136-ல் கிழக்கே போனால் இது வழியிலேயே வரும், சுற்றுவழியானாலும் லாரிகள் குறைவு.